பந்தல் ஏறாத அவரை

கடைத்தெருவில் அவளுக்கு உப்பக்கா என்று பெயர். வைத்தவர் மளிகைக்கடைக்காரர். மாதத்துக்கு ஒருதரம் வருவாள், உப்பும் தீப்பெட்டியும் வாங்குவாள், போய்விடுவாள். மற்றதெல்லாம் தோட்டத்திலேயே விளைகிறது என்பது அவள் சொல்லாமலே தெரியும், ஆனாலும் சொல்லுவாள். "புதுப் பருப்பு வந்திருக்கு, உப்பக்கா" என்று அவர் வம்புக்கு இழுத்தால், "நீங்களே வச்சிக்கோங்க. எங்க வீட்டு எலி கூட எங்க பருப்பைத்தான் திங்குது" என்பாள். கடையே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவாள்.

இத்தனைக்கும் இந்த யோசனை அவளுடையது இல்லை. அவள் பாட்டுக்குத் தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தாள். நாற்பது மெஷின்கள் அவள் கண்ணசைவுக்கு ஓடின. ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குத்தான் ஒருநாள் ஞானம் பிறந்தது. "இனிமே யார் கையையும் எதிர்பாக்கக் கூடாது. நம்ம சோறு நம்ம மண்ணுல" என்றார். ஊருக்கு வெளியே கிணற்றோடு ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். ஞானம் அவருக்கு, முதுகுவலி இவளுக்கு. களை பிடுங்கினாள், கோழி வளர்த்தாள், சாம்பலில் பாத்திரம் துலக்கினாள். முதல் வருடம் முழுக்கக் கணவரைத் திட்டிக்கொண்டே செய்தாள். இரண்டாம் வருடம் திட்ட மறந்துபோனாள். மூன்றாம் வருடம் வீட்டில் அவளைவிடப் பெரிய பக்தர் யாரும் இல்லை.

சாப்பாட்டுக்கு முன் ஒரு சடங்கையும் அவரே ஏற்படுத்தினார். ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, "இது யாருது?" என்று கேட்பார். அவளும் மகளும் "நம்மது!" என்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் சோறு இறங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டாள்.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் அந்தக் கொடி அவரை. கம்பெனிக் குடியிருப்பின் வேலியில் தானாகப் படர்ந்து கிடந்ததிலிருந்து ஒரு பிடி விதை பறித்து வந்திருந்தாள்; இந்த மண்ணில் அவர்கள் முதலில் ஊன்றியது அதைத்தான். பச்சையில் காய், காய்ந்தபின் கொட்டை, தழை ஆட்டுக்கு. விதைக்கென்று தனியாக முடிந்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. சாப்பிடுகிற கொட்டையும் விதைக்கிற கொட்டையும் ஒரே தகர டிரம்மில்தான் இருக்கும். ஊன்றுகிற அன்று டிரம்மைக் கவிழ்த்து, திரட்சியானதாகப் பொறுக்கி எடுப்பாள். "தனியா எடுத்து வையேன்" என்று பக்கத்துத் தோட்டத்து அத்தை சொன்னதற்கு, "யார்கிட்ட இருந்து ஒளிச்சு வைக்கணும் அத்தை? எம் புருஷன், எம் பொண்ணு" என்று சிரித்தாள்.

போன வருடம் அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன். ஒரு மாதம் அங்கே போய்க் கிடந்தாள். கிளம்பும்போது, "டிரம்மை வெயில்ல வைங்க, மூடியை இறுக்கி மூடுங்க" என்று வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னாள். திரும்பி வந்த அன்று அப்பாவும் மகளும் அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தார்கள். "இது யாருது?" என்றார் அவர். "நம்மது!" என்று மகள் வழக்கத்தைவிடப் பலமாகக் கத்தினாள். அக்கா வீட்டு ஹோட்டல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போய் வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கொட்டை சரியாக வேகவில்லை. "என்னங்க இது, கல்லு மாதிரி நிக்குது?" என்றாள். "கிணத்துத் தண்ணி உப்பாயிடுச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார். பாவி, கிணற்றின் மேல் பழி போட்டார். அவளும் நம்பி, ஒரு வாரம் கிணற்றுத் தண்ணீரை நக்கி நக்கிப் பார்த்தாள்.

இந்த வருடம் வழக்கம்போல டிரம்மைக் கவிழ்த்துப் பொறுக்கினாள், ஊன்றினாள். கால் நட்டு, குறுக்குக் கம்பு கட்டி, கயிறு இழுத்துப் பந்தலும் போட்டாள். முளைப்பு குறை சொல்ல முடியாது. ஆனால் முழங்கால் உயரம் வந்ததும் செடி நின்றுவிட்டது. பக்கத்தில் தொங்கிய கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே கிளை விட்டுப் பூவும் வைத்தது. கயிற்றை எடுத்து நுனியில் சுற்றிவிட்டுப் பார்த்தாள். காலையில் அவிழ்ந்து கிடந்தது. சுரை போட்டால் அவரை முளைக்குமா என்பார்கள். இங்கே அவரை போட்டு அவரைதான் முளைத்திருந்தது, ஆனால் அவளுடைய அவரை இல்லை. மண்ணில் ஏதோ சத்துக் குறை என்று எரு அள்ளிக் கொட்டினாள். அவளுக்கு மண்மேல்தான் சந்தேகம் வந்தது, மனிதர்மேல் வரவில்லை.

அந்த மாதம் உப்பு வாங்கப் போனபோது மளிகைக்கடைக்காரரிடம் புலம்பினாள். "எங்க கொடி அவரை இந்த வருஷம் ஏறவே மாட்டேங்குதுங்க."

"அது எப்படிக்கா ஏறும்? நம்ம கடைக் கொட்டை செடி அவரை ஆச்சே" என்றார் அவர், உப்பைக் கட்டிக்கொண்டே. சொன்ன வாயை மூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"உங்க கடைக் கொட்டையா?"

"ஐயையோ. உங்ககிட்ட சொல்லிடக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் படிச்சுப் படிச்சு சொன்னாரு. போன வருஷம் நீங்க ஊர்ல இல்லாதப்போ... உங்க பொண்ணுதான்க்கா உக்காந்து பொறுக்கினா. கொட்டையில வெள்ளைக் கோடு உங்களுது மாதிரியே இருக்கணும், இல்லேன்னா அம்மா கண்டுபிடிச்சிடும்னு."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானதுதான். இத்தனை மாதமும் எதற்குச் சிரித்தார்கள் என்பதுதான் இப்போது புரிந்தது. உப்பை எடுத்துக்கொள்ளாமலே வந்துவிட்டாள்.

வீட்டில் வீட்டுக்காரர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நேரே கேட்டாள். மறைக்க அவர்களுக்கும் தெம்பு இல்லை. வீட்டுக்காரர் டிரம் மூடியை மூட மறந்திருக்கிறார். மழைத்தண்ணீர் இறங்கி, வண்டு விழுந்து, டிரம் முழுக்க மாவாகிவிட்டது. அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு, கடைக் கொட்டையால் டிரம்மை நிரப்பியிருக்கிறார்.

"நீ அழுவேன்னுதான் சொல்லலம்மா" என்றாள் மகள்.

"அழுதிருப்பேன். ஒருநாள் அழுதிருப்பேன். மறுநாள் எழுந்து பக்கத்துத் தோட்டத்து அத்தைகிட்ட போயிருப்பேன். அப்போ அவங்க வேலியில நம்ம விதையில வந்த கொடி ஒண்ணு நின்னுச்சு. சுவர் கட்டுறேன்னு அதையும் பிடுங்கிட்டாங்க. எம் முன்னாலதான் பிடுங்கினாங்க. எங்ககிட்ட டிரம் நிறைய இருக்கு அத்தை, தாராளமா பிடுங்குங்கன்னு நானே சொன்னேன்டி!"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர்தான் வாயைக் கொடுத்தார்.

"ஒரு பிடி கொட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? உன் மனசு நோகக் கூடாதுன்னு பண்ணினது."

"கொட்டை போனது போகட்டும். வண்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. தினமும் என்னை உக்கார வச்சு இது யாருதுன்னு கேட்டீங்களே, அதை எப்படிங்க கேட்டீங்க? எம் முகத்தைப் பாத்து ரெண்டு பேரும் எப்படிச் சொன்னீங்க?"

அவர் மண்வெட்டிப் பிடியை மறுபடி தட்டத் தொடங்கினார். இந்த வீட்டில் விதியைப் போட்டவர் ஒருவர், அதை நம்பியவள் ஒருத்தி என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திட்ட வேண்டும் என்று நினைத்தாள். முதல் வருடத்துத் திட்டெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இரவு அவளே பரிமாறினாள். கீரை, கத்தரிக்காய், மோர். பாத்திரங்களைத் தானே திறந்து வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று பேர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் வீட்டுக்காரர் பல் துலக்க வந்தபோது அவள் கோழிக்கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்குத் தழை போடவில்லை, அடுப்பு பற்றவைக்கவில்லை.

"இங்க என்ன பண்றே?"

"கோழி முட்டை போடுதான்னு பாக்கறேன்."

"தினமும் போடுறதுதானே?"

"அப்படித்தான் நானும் நெனைச்சிட்டு இருந்தேன்" என்றாள், கோழியிடமிருந்து கண்ணை எடுக்காமல்.