இன்ஸ்பெக்டரின் பூட்ஸ்

நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கிழக்குச் சுவரில் ஒரு சன்னல் முழங்கால் உயரத்தில் இருக்கிறதே, அது ஏன் என்று கேட்டீர்கள். அந்தக் கட்டடம் முதலில் என் பெரியப்பாவின் புகையிலைக் கொட்டகை; சாளை என்போம். தரையோரம் காற்றுப் போவதற்காக வைத்த சன்னல் அது. வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில், புகையிலையை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். வாத்தியார் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் தும்மிவிடுவோம்.

சன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ரங்கான் உட்கார்ந்திருப்பான். எங்கள் பண்ணையத்து ஆளின் மகன், என் வயதுதான். உள்ளே நடக்கும் பாடத்தை மணலில் எழுதுவான். கணக்குக்கு விடை நான் அவனிடம்தான் கேட்பேன். தும்மல் வராத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்ட கெட்டிக்காரன் என்று எனக்கு அவன்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஒருநாள், பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. பெரியப்பா வெயில் ஏறுமுன்பே வந்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, எல்லாப் பசங்களையும் உள்ள உக்கார வையுங்க. வெளிய ஒருத்தனைப் பாத்தாலும் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிப்போடுவாங்க."

"ஊருல பேச்சு வருமுங்களே."

"இன்னைக்கு மட்டுந்தானுங்க. அப்புறம் செய்ய வேண்டியதைச் செஞ்சுபோடலாம்."

ரங்கான் என் பக்கத்தில் வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தான். "நாளைக்கும் இங்கயேதானுங்களா?" என்று என் காதில் கேட்டான். "பின்னே?" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலோடு சாளை முழுவதும் நடந்தார். ஒரு கணக்குப் போட்டார். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். ரங்கான் விடை சொன்னான், சொல்லிவிட்டுத் தும்மினான். "இவனை விடாமப் படிக்க வையுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆகட்டுங்க" என்று பெரியப்பா தலையாட்டினார்.

அவருடைய வண்டி வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேறிப் பாதையில் திரும்பி மறைந்ததுதான் தாமதம், குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. தரை முழுக்கக் கழுவிச் சாணி போட்டு மெழுகினார்கள். வீட்டுக்குப் போனால், அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினாள். காலையில்தானே குளித்தேன் என்றேன். "பேசாம நில்லு கண்ணு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்துப் படுக்கப் போகுமுன் கண்டுபிடித்துவிட்டேன்: பூட்ஸ்! எங்கெங்கேயோ மிதித்த பூட்ஸோடு அந்த மனிதர் உள்ளே வந்துவிட்டாரே.

மறுநாள் ரங்கான் பழையபடி வேப்பமரத்தடியில் இருந்தான். நான் சன்னலில் குனிந்து, "அந்த இன்ஸ்பெக்டரு பூட்ஸோட வந்துட்டாரில்ல, அதுக்குத்தான் கழுவிப்போட்டாங்க. இப்பத் தரை காஞ்சிருச்சு. உள்ள வாடா" என்றேன்.

மணலில் எழுதிக்கொண்டிருந்த அவன் விரல் நின்றது.

"ஆமாங்க, பூட்ஸுதானுங்க" என்றான்.

ஆனால் உள்ளே வரவில்லை. சன்னலை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். நேற்று ஒரு தும்மல் தும்மியதற்கே இப்படிப் பயந்துவிட்டானே என்று நினைத்துக்கொண்டேன்.