எனக்கு மட்டும் ஓடிய சர்வர்

சென்ற ஆண்டு, தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் நான் வேலை பார்க்கும் சரக்கு நிறுவனத்தில் நடந்தது. பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது.

எங்களிடம் இரண்டு சர்வர்கள் உண்டு. துவாஸ் பகுதியில் உள்ள எங்கள் கிடங்கில் இருப்பவர்களும் இவற்றுக்குள் நுழைந்துதான் வேலை செய்ய வேண்டும். எதில் கூட்டம் குறைவோ அதற்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும்படி அமைப்பது என் பொறுப்பு. பெரிய படிப்பு இல்லை. செய்து செய்தே கற்றுக்கொண்டேன்.

துவாஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தினமும் காலையில் கூப்பிடுவார். திரை அசையவில்லை, லாரிக்காரர்கள் பேப்பருக்காக நிற்கிறார்கள் என்பார். நான் இங்கிருந்தே திறந்து பார்ப்பேன், பறக்கும். "எனக்கு நல்லாத்தானே ஓடுது லா. நீங்கதான் மெதுவா அடிக்கிறீங்க" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். மேலாளர் கேட்டபோதும் அதையே சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமையோட என்னை நிறுத்துறாங்க. நான் ஸ்லோவாம். ஒரே ஒரு தடவ வந்து என் சீட்ல உக்காந்து பாருங்க."

கெஞ்சவில்லை. கோபமாகத்தான் சொன்னார்.

போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரை வர நான்கு நிமிடம். வெளியே லாரிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். பழைய ஆட்கள் சொல்லிச் சொல்லி அலுத்து, அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்களாம். எல்லாரும் முதல் சர்வரிலேயே நெரிந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவதில் ஒருவர்கூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. தீபாவளிக்கு முன் இரண்டாவதைப் பழுது பார்த்தபோது, புதிதாக யாரையும் உள்ளே விடாதபடி வைத்தவன் நான். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். என் வசதிக்கு நான் மட்டும் அதற்குள் நேராக நுழைந்துகொண்டிருந்தேன். பிறகு எனக்கு ஏன் பறக்காது?

ஒரு கிளிக். சரியாகிவிட்டது. மேலாளருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"சரியாயிடுச்சுல்ல, விடு லா. அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கிடைக்கும்."

ஒரு விநாடி, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்ததும்தான் ஆத்திரம் வந்தது. தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து முதலாளிக்கும் சேர்த்து இமெயில் அனுப்பினேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தப் பெண்ணின் வேலை நிலைத்தது. அவர் நன்றி சொல்லவில்லை; எதற்குச் சொல்ல வேண்டும்?

மேலாளர் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. போய்ப் பார்க்காமலே ஒருவர் வேலையைப் பழித்தேனே, அதற்காக என் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.