நான் எடுக்காத சீட்டு

ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதற்குள் ஒரே அளவாக மடித்த இரண்டு சீட்டுகள். சுற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவர்கள். கமிட்டியில் இல்லாத ஆள் நான் ஒருத்திதான் என்பதால், "நீங்களே எடுங்க சிஸ்டர்" என்றார்கள். எடுத்தேன். வெங்காயம் நறுக்கும்போது இன்றைக்கும் சில நாள் என் வலது கையைப் பார்த்து, இன்னொன்றை எடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் உனக்கு என்று கேட்பதுண்டு. கை என்ன செய்யும், பாவம்.

சாந்தோமில் கடலுக்குப் போகிற ஒரு சந்தில், மாடியில் எங்களுக்கு ஒற்றை அறை. தொலைபேசி வழியாக ஜெபிக்கிற சிறிய ஊழியம் அது. மனசு சரியில்லாதவர்கள் கூப்பிடுவார்கள், நாங்கள் கேட்டு ஜெபிப்போம். கேட்கிற வேலை, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவருடையது. ஊழியத்தின் மாதப் பத்திரிகையை எழுதுவது, பிழை பார்ப்பது, தபாலில் சேர்ப்பது என்னுடையது. என் கணவர் இறந்த வருஷம், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது என்று அங்கே போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் இல்லை. அடையாற்றிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வரை யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்காகவே போனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். காதில் ரிசீவரை வைத்தால் தலை லேசாக இடது பக்கம் சாயும். கண் ஜன்னலில் போய் நிற்கும், வாய் 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. புத்தி சொல்ல மாட்டார். பைபிள் வசனத்தை எடுத்து அவர்கள் மேல் வீச மாட்டார். கூப்பிட்டவர் அழுதால் அழுது முடிக்கும்வரை சும்மா இருப்பார். முக்கியமாக, தானாக போனை வைக்கவே மாட்டார். கூப்பிட்டவர்தான் முதலில் வைக்க வேண்டும். அதற்கு அவர் பெரிய காரணம் எதுவும் சொன்னதில்லை. மற்ற எல்லாரும் ஏற்கெனவே போனை வைத்துவிட்டதால்தானே ஒருத்தர் நம்மைக் கூப்பிடுகிறார் என்று ஒரு தடவை டீ குடிக்கும்போது சொன்னார், அவ்வளவுதான்.

ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தினமும் மதியம் கூப்பிடுவார். கிறிஸ்தவர் இல்லை. ஜெபம் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு தகவல். "அங்க கடல்காத்து வந்துடுச்சாம்மா?" அக்கா எட்டிப் பார்த்து, மாடியில் காயும் துணி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வார்: "வந்துடுச்சு சார். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்களாண்ட வந்துடும்." பிறகு அவர் மனைவி இருந்த காலத்தைப் பற்றி, முருங்கைக்காய் விலையைப் பற்றி, மாடிப்படியில் ஏற முடியாத காலைப் பற்றி ஏதாவது சொல்லுவார். அக்கா 'ம்' போட்டுக்கொண்டிருப்பார். இது என்ன ஊழியமா வானிலை அறிக்கையா என்று நான் கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை. வீட்டுக்குப் போனபின் எனக்கு அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது.

இந்த நிலையில்தான் வெப்சைட் வந்தது. வெப்சைட் என்றால் நம் நோக்கத்தை ஒரு வரியில் சொல்கிற மிஷன் ஸ்டேட்மெண்ட் வேண்டுமாம். சேர்மன் ஐயா தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷர். அந்த அறைக்கு வாடகை கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. தொலைபேசி வழியாக உலகமெங்கும் உள்ள ஒவ்வொரு ஆத்துமாவையும் ஜெபத்தால் எட்டுவதே எங்கள் நோக்கம் என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. அக்காவிடம் கேட்டபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: யார் கூப்பிட்டாலும் எடுப்போம், அவர்களாக வைக்கும்வரை நாங்கள் வைக்க மாட்டோம். அதையும் எழுதினேன்.

கமிட்டி சிரித்தது. சேர்மன் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "யம்மா, நீங்க சொல்லுதது ஆபீஸ் ரூல்ஸ்லா? தரிசனம்னா பெருசா இருக்க வேண்டாமா?" என்று பொறுமையாகத்தான் கேட்டார். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. உலகம் முழுவதையும் எட்ட வேண்டும் என்று எழுதிவிட்டால் ஒவ்வொருவரிடமும் சீக்கிரம் பேசி முடிக்க வேண்டியிருக்கும், அப்புறம் ஆதம்பாக்கத்து சாரை என்ன செய்வது என்று கேட்டார். கூட்டம் மேல் கூட்டம் போட்டும் முடிவாகவில்லை. கடைசியில் யாரோ, உபவாசம் இருந்து ஜெபித்து, இரண்டு வாசகத்தையும் எழுதித் திருவுளச் சீட்டுப் போடலாம் என்றார்கள். அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்களே. ஒருவரும் மறுக்கவில்லை. அக்காவும்தான். சேர்மன் ஐயா கடையிலிருந்து புதுக் கிண்ணம் வந்தது. என் கைக்கு வந்தது அவருடைய சீட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் வாக்குவாதத்தில் தோற்றால் மறுநாள் திரும்பச் சண்டை போடலாம். இதில் ஜெயித்தது சேர்மன் ஐயா இல்லையாமே, ஆண்டவராமே! யாரிடம் போய் முறையிடுவது? எல்லாரும் போனபின் அக்காவிடம் கத்தினேன். அது வெறும் சீட்டுக்கா, என் கை கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தால் உங்களுடையது வந்திருக்கும் என்றேன். அக்கா கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னுது வந்திருந்தா கர்த்தர் சொல்லிட்டாருன்னு தானே நம்பியிருப்போம்? இப்ப மட்டும் வெறும் சீட்டுன்னா எப்பிடிம்மா?"

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.

ஸ்டேட்மெண்ட் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. வெளிநாட்டு அழைப்புகள் வந்தன. காத்திருப்பவர்கள் அதிகமானார்கள். போனோடு ஒரு சின்னக் கருவி இணைத்தார்கள், சில நிமிஷம் ஆனதும் பீப் என்னும். அக்கா மனப்பூர்வமாகக் கீழ்ப்படிந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பீப் வந்ததும், "ஆமென் சொல்லிக்கலாமா?" என்று அவசரமாகக் கேட்டு அவரே வைத்துவிடுவார். வைத்தபின் கொஞ்ச நேரம் ரிசீவரின் மேலிருந்து கையை எடுக்க மாட்டார். ஆதம்பாக்கத்துப் பெரியவரிடமும், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று முறைப்படி ஜெபக்குறிப்பு கேட்டார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது அவர் குரல். அப்படி எதுவும் இல்லம்மா, நீங்க வேலையைப் பாருங்க என்றார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. சில மதியங்களில் அக்கா எழுந்துபோய், மாடியில் துணி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவார். யாரிடமும் சொல்ல மாட்டார்.

பிறகு அக்காவுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் பஸ் நம்பர், அப்புறம் ஆட்கள். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் அவருடைய அண்ணன் மகன் கொண்டுபோய்ச் சேர்த்தான். நானும் வேலையை விட்டேன். ஊழியம் இப்போது நல்ல நிலையில் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பால்காரரும் கூரியர் பையனும் பேசாவிட்டால் சாயங்காலம் வரை என் குரலை நானே கேட்பதில்லை. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. அதுவும் பூட்டித்தான் இருக்கும்.

சாயங்காலம் இல்லத்துக்குப் போன் போடுவேன். ஆயா அக்காவின் காதில் வைப்பாள். நான் யார் என்று சொன்னால் அக்கா குழம்பித் தவிப்பதால், சொல்வதை நிறுத்திவிட்டேன். நலமா, தூங்கினீர்களா என்று நான்தான் விசாரிப்பேன். போன வாரம் என்னவோ, கேட்பதற்கு எதுவுமே வாயில் வரவில்லை. பிறகு பழைய குரல், எக்ஸ்சேஞ்ச் குரல்: "பேர் சொல்ல வேணாம்மா. சொல்லுங்க."

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்கு யாருமே இல்லக்கா."

"ம்" என்றார். நான் அழுது முடிக்கும்வரை வேறு எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார், "சாப்டீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப போய் சாப்ட்டு வாங்க. அவசரமில்ல. நான் லைன்லதான் கீறேன்."

காலையில் செய்த உப்புமா மிச்சம் இருந்தது. சூடுகாட்டித் தட்டில் போட்டு, மொபைலை டம்ளர் மேல் சாய்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தமும் அக்கா மூச்சு விடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.