பொரிப்பு மெஷினுக்குள் அடைக்கோழி

2023 அக்டோபர் 19, பிற்பகல் மூன்று இருபது. எங்கள் ஊர் பெருமாட்டியில் துலாமழை என்கிற ஐப்பசி மழை, நிமிடத்துக்கு இரண்டு இடி. பேய் பிசாசு எதையும் நம்பியவன் அல்ல நான்; முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வுக்குப் பின் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்று வாங்கி, வீட்டுக்குச் சற்றுத் தள்ளித் தோட்டத்து அறையில் வைத்து, ஊராரின் முட்டைகளைக் கூலிக்குப் பொரித்துக் கொடுக்கிறேன். நோய் தொற்றும் என்று என் தோட்டத்தில் ஒரு கோழியைக்கூட விடுவதில்லை.

அன்று உள்ளே இருந்தவை பக்கத்துத் தோட்டத்துப் பூங்கொடியின் நாட்டுக்கோழி முட்டைகள், 264. வரப்போகும் குஞ்சுகளுக்கு முன்பணம் வாங்கி அவள் கொட்டகைக்குத் தகரமும் போட்டுவிட்டாள். பதினெட்டாம் நாள் ஆகிவிட்டதால், காலையில் நானே அவற்றை மூன்று பொரிப்புக் கூடைகளில், கூடைக்கு 88 வீதம், ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி வைத்திருந்தேன்.

கரண்ட் போனது. ஜெனரேட்டரோ ரிப்பேரில். கதவைத் திறக்காதவரை சூடு கொஞ்ச நேரம் நிற்கும் என்பதால், கண்ணாடி வழியே டார்ச் அடித்துத் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடம் ஆகியும் முப்பத்தேழரையிலிருந்து அது இறங்கவே இல்லை. நம்பினால் நம்புங்கள், காற்றாடி நின்றுபோன அந்த அமைதியில், உள்ளேயிருந்து ஒரு அடைக்கோழி 'க்ளக், க்ளக்' என்றது.

கதவைத் திறந்தேன். விளக்குமாற்றை ஆட்டி "ச்சூ, ச்சூ" என்று கத்தினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வெதுவெதுப்பாக, கனமாக ஏதோ ஒன்று என் கணுக்காலை உரசிக்கொண்டு வெளியே போனது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மழையில் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, மெசினு வெடிச்சுப் போச்சுங்களா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, துண்டை எடு."

கோழிக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று எப்படிச் சொல்வது? கதவு திறந்து கிடப்பது நினைவில் இருந்தும், அவளையாவது அனுப்பியிருக்கலாம், அனுப்பாமல் ஐந்து மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகப் போனபோது கரண்ட் வந்திருந்தது. காற்றாடி ஈரக்காற்றை முட்டைகள்மேல் இறைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் சில்லிட்டிருந்தன. நடுக்கூடையின் மூலையில் மட்டும் பதின்மூன்று முட்டைகள் வட்டமாக, ஒன்றையொன்று ஒட்டி, சூடாகக் கிடந்தன. ஒரு கோழியின் நெஞ்சு மூடுகிற அளவு வட்டம். அதைக் கூட்டியது யார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இருபத்தோராம் நாள் பொரித்தவை அந்தப் பதின்மூன்று மட்டுமே.

பூங்கொடியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரிப்பாள், இல்லை திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"கரண்டு போனாக் கதவத் தொறக்காதீங்கன்னு ஊருக்கே பாடம் எடுத்தவருங்க நீங்க" என்றாள். குஞ்சுகளைப் பெட்டிக்குள் எடுத்துவைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அடையில குந்தியிருந்த கோழியவா வாத்தியாரே வெரட்டி உட்டீங்க?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வராமல் போன குஞ்சு 251, ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். குனிந்தபடியே எண்ணிக் கொடுத்தேன்: பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.