சின்னத்தொரைக்காக அம்மா அழுதது

நான் எழுதிப் பழகாதவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளுக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. எனக்குப் பங்களா அடுப்பின் தைலமரப் புகை நினைவுக்கு வந்தது.

அது இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடம். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் மகன், எங்கள் சின்னத்தொரை, ஓட்டிய குண்டுவீச்சு விமானம், உள்ளே இருந்த மற்ற மூன்று பேரோடு திரும்பவில்லை என்று சீமையிலிருந்து தந்தி வந்திருந்தது. நானும் அம்மாவும் இருந்த பங்களா அடுப்படிக்கு வந்து தொரசாணி அதைச் சொன்னார். அந்தப் பையனுக்குப் பால்கொடுத்து வளர்த்த ஆயா என் அம்மா.

"கூடப் போன புள்ளைங்களுமாங்கம்மா?" என்று கேட்டாள்.

தொரசாணி தலையசைத்தார். எழவு வீட்டில் பெண்கள் செய்வதுபோல அம்மா அவரைக் கட்டிக்கொண்டு, "நம்ம ராசா போயிட்டானே" என்று அழுதாள். தொரசாணி அழவில்லை. அம்மாவின் கைகளை விலக்கிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடியலில் ஆட்கள் கூடும் பெரட்டில் வேலை பிரித்த கங்காணி, "ஒனக்கு இனி பங்களா இல்லயாம். மலைக்குப் போ, ஆத்தா" என்றார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள்.