இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கியவள்

பூச்சி அண்டாதிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சிய கோதுமை மாப் பசையின் வாசம், நாக்கு வரைக்கும் ஏறிக் கசக்கிற அந்த வாசம், உக்குவளையில் நான் எட்டாம் ஆண்டு படித்த பாடசாலையின் நூலக அலுமாரியைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிக்கும். அட்டை கிழிந்த புத்தகங்களை மாத்தளை டவுனில் ஒரு சிங்கள "பைண்டிங் மாத்தயா"விடம் கொடுத்துக் கட்டுவித்து வாங்குவார்கள். அருமையான வேலைக்காரர், அவர் கட்டிய புத்தகத்தில் ஒரு தாள் கழன்றதில்லை. தமிழ் மட்டும் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

அதனால், வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவரின் மாயக்கதை, இரண்டு பாகங்களாக வந்த தமிழாக்கம், ஒரே புத்தகமாகக் கட்டப்பட்டு எங்களிடம் திரும்பியபோது இரண்டாம் பாகம் முன்னாலும் முதலாம் பாகம் பின்னாலும் இருந்தன. தலைப்புத் தாள்கள் முன்பே கிழிந்து போயிருந்ததால் எனக்கு இது எதுவும் தெரியாது. நாரா என்கிற கிழவி, இரண்டு உலகங்களுக்கு நடுவில் இருந்த கதவை உள்ளிருந்தே சாத்திக்கொண்டு செத்துப்போனாள். நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டுத் தாளைத் திருப்பினால், பக்க எண் மறுபடி ஒன்று, அங்கே நாரா ஆடு மேய்க்கிற சிறுமி! ஏழு பிறவிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதில் என்ன குழப்பம்? செத்தவள் திரும்பப் பிறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அவள் துள்ளிக் குதித்து அதே கதவை நோக்கிப் போகப் போக, போன பிறவியில் பட்டது போதாதா, திறக்காதே, திறக்காதே என்று தாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வாசித்தேன்.

வாசிப்பு மாதம் வந்தது. மாத்தளையில் நடக்கும் கதை சொல்லும் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள், அந்த ஒருவர் நானாக வேண்டும் என்று நான் தவம் கிடந்தேன். தமிழ் டீச்சர் ஒத்திகை பார்த்தார். கிழவி செத்துச் சிறுமி வந்த இடத்தில் வகுப்பு மூச்சடங்கிக் கிடக்க, டீச்சரின் கையிலிருந்த மர அடிமட்டம் மேசையில் தட்டியது.

"என்ன புள்ள இது, பின்னாடி வர்றத முன்னாடி சொல்றே? புத்தகத்த மாத்திக் கட்டிட்டாங்க. சின்னப் புள்ள கததான் மொதல்ல. ஒழுங்கா ஆரம்பத்துலேருந்து சொல்லு, இல்லாட்டி வேற ஆள அனுப்புறேன்."

அந்த நிமிடம்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. காது சுட்டது, வெட்கம், பிறகு அதையெல்லாம் தள்ளிக்கொண்டு ஆத்திரம். டீச்சர் சொல்கிறபடி சொன்னால், ஒரு சிறுமி ஒரு கதவைத் திறக்கிறாள், அவ்வளவுதான். அதைக் கேட்டு எவள் பயப்படுவாள்?

"நா வாசிச்ச மாதிரிதான் சொல்லுவேன் டீச்சர்."

"அப்ப ஒக்காரு."

உட்கார்ந்தேன். நீதிக்கதை ஒன்றைப் பிசகாமல் ஒப்பித்த இன்னொருத்தி மாத்தளைக்குப் போனாள். வீட்டில் நான் அழுததைப் பார்த்த அம்மா, "டீச்சர் சொன்னபடி சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பே?" என்று கேட்டார். "கொறஞ்சுதான் போயிருப்பேன்" என்று கத்தினேன். அந்த எண்ணத்தை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் இடைவேளையில் வகுப்புப் பிள்ளைகள் என்னைத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "சொல்லுடி, கதவத் தெறந்தாளா இல்லையா?" என்று பிடுங்கி எடுத்தார்கள். என் வரிசையில்தான் சொல்லி முடித்தேன்.

இப்போது அந்த அலுமாரி இல்லை, அங்கே கணினி அறை இருக்கிறது. பைண்டிங் கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். புத்தகம் எந்தக் குப்பையோடு போனதென்று சொல்ல ஆளில்லை. அந்த எழுத்தாளரை எங்கிருந்து தொடங்க வேண்டும், எதைத் தவறியும் முதலில் தொடக்கூடாது என்று அம்புக்குறி போட்ட படங்கள் மட்டும் போன் நிறைய வருகின்றன, பிழையாகத் தொடங்கிவிடுவோமோ என்று பயந்தே பலர் தொடங்காமல் இருக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்குப்படி வாசித்தவர். முதற்பாகம் கொஞ்சம் இழுவை என்றார். சிறுமி கதவைத் திறக்கிற பக்கத்தில் மனிதர் தேத்தண்ணீர் ஊற்ற எழுந்து போயிருக்கிறார்! எனக்கு அவர்மீது வந்தது இரக்கம்தான்.

போன மாதம் கண்டியிலிருந்து அக்காவின் மகளும் அந்த எழுத்தாளரை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாள். புதிய பதிப்பை வாங்கி ஒரு பாகத்தை மட்டும் அனுப்பினேன். கிடைத்ததும் அழைத்தாள்.

"சித்தி, இதுல ரெண்டுன்னு போட்டிருக்கே. மொதலாவது எங்க?"

"என்கிட்டதான் இருக்கு. அழுது முடிச்சிட்டு வா, தர்றேன்."