ரொசாரியோவில் ஒரு சக்களத்தி

போன ஞாயிற்றுக்கிழமை சான்ஃப்ரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் என் மகன் வந்து இறங்கினான். அர்ஜென்டினாவிலிருந்து.

பதினாறு நாள் கழித்துப் பார்க்கிறேன். ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது அவன் முகம் இல்லை. அவன் போட்டிருந்த ஸ்வெட்டர். பச்சை நிறம், கழுத்தை மூடுகிற மாதிரி. கடையில் வாங்கியது இல்லை, யாரோ கையால் பின்னியது. ஜூலை மாத வெயிலில், கலிஃபோர்னியாவில், அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்!

"கழட்டுடா, வேர்க்குது பாரு" என்றேன்.

"ஐ'ம் ஃபைன், மாம்."

பார்க்கிங் வரைக்கும் கழற்றவில்லை. கார் ஃப்ரீவேயில் ஏறிய பிறகும் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்து, நான் காலையிலிருந்து நின்று செய்த மட்டன் பிரியாணியை அந்த ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அதைப் பின்னிய மகராசியின் பெயர் மார்த்தா.

வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களிடம் நான் எதையும் ஒளித்ததில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. ஏதோ லேசாக, சிரித்துவிட்டுப் போகிற பொறாமை இல்லை... வயிறு எரிகிற பொறாமை!

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

பிரவீனுக்குப் பதினைந்து வயது. பிறந்ததே இங்கே, ஃப்ரீமான்ட்டில்தான். ஏழு வயதிலிருந்து சாக்கர் ஆடுகிறான். நம் ஊரில் ஃபுட்பால் என்போமே, அதற்கு இங்கே அப்படித்தான் பெயர். அவனுடைய கிளப்பை அர்ஜென்டினாவில் ரொசாரியோ என்கிற ஊரில் நடக்கும் பன்னாட்டு இளைஞர் போட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினெட்டுப் பையன்கள் போனார்கள், அதில் இவனும் ஒருத்தன். தங்குவதற்கு ஹோட்டல் கிடையாது. அந்த ஊர்க் குடும்பங்கள் இரண்டிரண்டு பையன்களாகக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டிலேயே வைத்துச் சோறு போடுவார்களாம். பிரவீனும் இன்னொரு பையனும் போய்ச் சேர்ந்த இடம் மார்த்தாவின் வீடு.

பெட்டி அடுக்கியது நான்தான். ஜூலை மாதம் ஆயிற்றே... டி-ஷர்ட், அரை டிராயர், சன்ஸ்கிரீன், தொப்பி. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று லிஸ்ட்டில் டிக் அடித்தார். அவர் சாஃப்ட்வேர் ஆசாமி. இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிடக் கூடாது என்று ஒரு வருஷமாகத் தேதிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்கும் தோன்றவில்லை, அர்ஜென்டினாவில் ஜூலை என்றால் நடுக் குளிர்காலம் என்று! நான் வேலூர்க்காரி. எனக்கு எந்த மாதமும் வெயில் மாதம்தான். என்னை விடுங்கள்.

கிளப்பில் கொடுத்த பேப்பரில் தெளிவாகப் போட்டிருந்ததாம். அந்தப் பேப்பரை நான் பத்திரமாக ஃப்ரிஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். படிக்கத்தான் இல்லை.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு, காலிங் கார்டில் இருக்கிற நம்பரையெல்லாம் வரிசையாக அழுத்திப் போன் போட்டேன். அங்கே பகல் பதினொரு மணி.

"இட்ஸ் ஃப்ரீசிங் ஹியர், மாம்!" என்றான்.

"ஐயோ! என்னடா பண்ற? நான் கூரியர்ல ஜாக்கெட் அனுப்பவா?"

"நோ நோ. மார்த்தா டுக் கேர் ஆஃப் இட்."

மார்த்தா தன் பெரிய மகனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாளாம். இவன் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, கையை இவன் அளவுக்குக் குறைத்து முடித்து, இவனுக்கே மாட்டிவிட்டாளாம். இத்தனைக்கும் இவன் போய்ச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது! நன்றி சொல்ல வேண்டியவள்தான் நான். சொன்னேன். போனை வைத்த பிறகு, பதினைந்து வருஷத்தில் நான் அவனுக்கு ஒரு கைக்குட்டைகூடப் பின்னிக் கொடுத்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. அன்று முழுக்க ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த முறை போன் செய்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நடுவில் யாரிடமோ திரும்பி, "சீ, சீ... மாஸ், கிராசியாஸ்" என்றான்.

"என்னடா அது?"

"ஸ்பானிஷ், மாம். ஐ ஆஸ்க்ட் ஃபார் மோர்."

"என்ன சாப்பிடற?"

"திஸ் லென்டில் திங். இட்ஸ் ஸோ குட்!"

லென்டில் என்றால் என்ன? பருப்பு! என் வீட்டுச் சாம்பாரில் முருங்கைக்காயை மட்டும் பொறுக்கிக்கொண்டு பருப்பை ஒதுக்கி வைக்கிற பிள்ளை, அங்கே உட்கார்ந்து பருப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். அதுவும் ஸ்பானிஷில் கேட்டு!

அந்த ஸ்பானிஷ்தான் என்னைக் கொன்றது. பதினைந்து வருஷமாக நான் அவனிடம் தமிழில் பேசுகிறேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். எல்லாம் புரியும். வாயில் மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு போனேன். கெஞ்சினேன், திட்டினேன், தமிழில் கேட்டால்தான் ஐஸ்க்ரீம் என்று சட்டம் போட்டேன். ஐஸ்க்ரீம் சாப்பிடுவதையே விட்டுவிட்டான்! ஆனால் மார்த்தா வீட்டில் ஐந்தே நாளில் ஸ்பானிஷ் கொட்டுகிறது.

அது மட்டுமா? அவள் அவனுக்குச் செல்லப்பெயர் வேறு வைத்திருந்தாள். பிரவினீட்டோ. நான் பிறந்ததிலிருந்து கண்ணா, கண்ணா என்று கூப்பிடுகிறேன், ஃப்ரெண்ட்ஸ் முன்னால் கூப்பிடாதே என்று முறைப்பான். போனில் அந்தப் பெண்மணி தூரத்திலிருந்து "பிரவினீட்டோ!" என்று கூவுகிறாள், இவன் என் காதிலேயே "கமிங்!" என்று துள்ளுகிறான்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வீட்டுக்காரருக்கு ஒரே குஷி.

"என்ன, சக்களத்தி வந்த மாதிரி பொசுங்கற? நியாயமா அதுக்கு சந்தோஷப்பட வேண்டியது நானில்ல?" என்றார்.

அன்றைக்கு அவருக்கு உப்புமா.

ஒரு நாள் மார்த்தாவே போனை வாங்கிப் பேசினாள். நல்ல கணீர்க் குரல். அங்கே ஒரு ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சராம். அவள் மட்டுமில்லை, அந்த வீட்டில் எல்லோருக்குமே ஓரளவு இங்கிலீஷ் தெரியுமாம். "யுவர் சன் இஸ் எ ஜுவல்!" என்றாள். மேட்ச் நடக்கிறபோதெல்லாம் குடும்பத்தோடு கிளம்பிப் போகிறார்களாம். பிரவீன் பெயரைப் பெரிதாக எழுதி ஒரு கொடி வேறு செய்திருக்கிறார்களாம்.

கொடி!

இந்தப் பத்தியை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? சனிக்கிழமைகளில், மைதானத்துக்குப் பக்கத்தில், காருக்குள். அவனை இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் பேப்பரை வைத்து எழுதுவேன். இரண்டு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். முடிந்ததும் அவன் வந்து கதவைத் தட்டுவான். "ஜெயிச்சீங்களா?" என்று கேட்பேன். இத்தனை வருஷம் நான் பார்த்த மேட்ச் அவ்வளவுதான். உங்களுக்காகத்தான் எழுதினேன் என்று பழியை உங்கள் மேல் போடலாம். போட்டும் பார்த்தேன், ஒட்டவில்லை.

இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமைக் காலை. போன் போட்டேன். குரல் சரியில்லை.

"மேட்ச் எப்படிடா போகுது?"

"குட்."

"கோல் போட்டியா?"

"ஐ'ம் எ டிஃபென்டர், மாம்."

பின்னால் தட்டு, கரண்டிச் சத்தம். மார்த்தா வீட்டில் போன் இருப்பது சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில். மொத்தக் குடும்பமும் சுற்றி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

அப்புறம் ஒரு குரல் வந்தது, தணிந்து. "மா... நான் வெளையாடல."

லைன் மாறிவிட்டது என்றே நினைத்தேன். வேறு யாரோ வீட்டுப் பிள்ளை அவன் அம்மாவிடம் பேசுகிறான்...

"யாரு? பிரவீனா?"

"நான்தான் மா. நான் ஒரு மேட்ச்சும் வெளையாடல. மூணு மேட்ச். கோச் என்னை எறக்கல. உக்காந்துட்டே இருக்கேன்."

அவன் என்ன சொல்கிறான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை, சத்தியமாக. காதில் விழுந்ததெல்லாம் தமிழ், தமிழ், தமிழ்தான். பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"மா, நீ ஏன் அழற? நான்தான் அழணும்!"

"தமிழ் பேசறியேடா கண்ணா..."

"மா! லிசன்! இங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். அதான்."

அதான். இங்கிலீஷில் சொன்னால் மார்த்தாவுக்குப் புரிந்துவிடும். ஸ்பானிஷில் சொன்னால் அதைவிட நன்றாகப் புரிந்துவிடும். பாவம், அவனிடம் மிச்சம் இருந்தது தமிழ் ஒன்றுதான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திரும்பச் சொல்லுடா" என்றேன்.

திரும்பச் சொன்னான். தடுக்கித் தடுக்கி, வார்த்தை தேடி. "அவங்க எல்லா மேட்ச்சுக்கும் வராங்க மா. எல்லாரும். என் பேர் போட்டு கொடி எடுத்துட்டு வராங்க. குளிர்ல நிக்கறாங்க. நான் பெஞ்ச்ல இருக்கேன். எனக்கு... வெக்கமா இருக்கு. வராதீங்கன்னு என்னால சொல்ல முடியல. நீ சொல்லு மா, ப்ளீஸ். வர வேணாம்னு நீ சொல்லு."

என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! இரண்டு வாரமாக யார் மேல் நான் புகைந்துகொண்டிருந்தேனோ, அவளிடம் 'இனிமேல் என் பிள்ளையைப் பார்க்க வராதே' என்று சொல்ல என் பிள்ளையே என்னைக் கேட்கிறான். சொல்லப்போனால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எட்டிப் பார்த்தது.

"அவங்ககிட்ட போனைக் குடு" என்றேன்.

மார்த்தா வந்தாள். அவள் ஸ்பானிஷில் ஏதோ சொல்ல, பிரவீன் எழுந்து போகிற நாற்காலிச் சத்தம் கேட்டது. அடுத்த அறையிலிருந்து எதையோ எடுத்து வர அனுப்பினாள் போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"ஹி டோல்ட் யூ, நோ? தே டோன்ட் லெட் ஹிம் ப்ளே. மை சன் ஆல்சோ... மெனி இயர்ஸ் ஆன் த பெஞ்ச். ஸோ வி கோ. ஸம்படி மஸ்ட் கோ."

யாராவது போகணும்.

இத்தனை நாளாக நான் அவளைத் திட்டுவதற்கு ஸ்வெட்டர், பருப்பு, செல்லப்பெயர் என்று காரணம் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "தேங்க் யூ, மார்த்தா" என்றேன். கொடியைக் கொஞ்சம் உயரமாகப் பிடியுங்கள் என்று சொல்லவும் நினைத்தேன், அழுகை வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

பிரவீன் திரும்ப வந்து போனை வாங்கினான். "சொன்னியா?"

"சொன்னேன்டா. கேக்க மாட்டேங்கறாங்க" என்றேன்.

ஜமுக்காளத்தில் வடிகட்டின பொய்.

"ஓகே, மாம்" என்றான். குரலில் கோபம் இல்லை. ஒருவேளை நான் சொல்லாமல் இருந்ததே அவனுக்கும் வேண்டியிருந்ததோ என்னவோ.

கடைசி வரைக்கும் அவனை இறக்கவில்லை. கதையில் வருவது போலக் கடைசி ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டு, இவன் போய் ஆட்டத்தைக் காப்பாற்றி... அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. டீம் தோற்றது. கொடி மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்ததாம். அந்த ஸ்வெட்டரை அவன் ஏன் கழற்றவில்லை என்று நான் கேட்கவில்லை. நாலாம் நாள் தானாகக் கழற்றினான். நானே கையால் அலசிக் காயப்போட்டேன், மெஷினில் போட மனசு வரவில்லை.

தமிழ்? அது ரொசாரியோவிலேயே இறங்கிக்கொண்டுவிட்டது. ஏர்போர்ட்டில் 'ஐ'ம் ஃபைன், மாம்' என்று ஆரம்பித்தவன், வாரம் முழுக்க இங்கிலீஷ்தான். நான் தமிழில் கேட்க, அவன் இங்கிலீஷில் சொல்ல... பழைய குடித்தனம் பழையபடி.

எனக்கு ஆறவில்லை. பதினைந்து வருஷம் நான் தலைகீழாக நின்றும் வராத தமிழை, அப்படி ஒரு பாஷை இருப்பதே தெரியாத ஒருத்தி இரண்டே வாரத்தில் வரவழைத்துவிட்டாள். எப்படி? அவளுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான் அவள் செய்தது! எனக்குத் தெரிந்திருந்ததுதான் தப்பா? இதற்கும் பொறாமைப்படாமல் வேறெதற்குப் பட?

ஆனால் பொறாமையில் ஒரு நல்லது உண்டு. மூளை வேலை செய்யும்.

வெள்ளிக்கிழமை அவனுடைய கோச்சை டின்னருக்குக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நம்ம பையனை எறக்காதவருக்கு விருந்தா?" என்றார். பேசாமல் இருங்கள் என்று ஜாடை காட்டினேன். கோச் வந்தார். பரோட்டாவையும் சிக்கன் குருமாவையும் ரசித்துச் சாப்பிட்டார். "கிரேட் கிட், யுவர் சன்" என்றார். நான் மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கோச், அபவுட் அர்ஜென்டினா..." என்று ஆரம்பித்தேன்.

மேஜைக்கு அடியில் என் காலில் ஒரு உதை.

"மா!" பிரவீன் தட்டைப் பார்த்தபடி, முகத்தில் சிரிப்பு மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "பெஞ்ச் பத்திக் கேக்காத. ப்ளீஸ். அவருக்குக் குருமா ஊத்து. வேற ஒண்ணும் பேசாத."

எத்தனை வாக்கியம்! எண்ணிப் பாருங்கள். 'ஊத்து' என்கிறான், 'போடு' இல்லை. குருமாவை ஊற்றத்தான் வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"சரிடா கண்ணா" என்று நானும் தமிழிலேயே சொன்னேன். கோச் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். வஞ்சனை இல்லாமல் ஊற்றினேன்.

ஸ்கூல் திறக்கட்டும்... அடுத்த விருந்து அவனுடைய கணக்கு டீச்சருக்கு!